நிலாவில் பறந்த காக்கை

என் மகள் எடுத்த படத்தைப் பற்றி நான் தியேட்டர் வாசலில் நின்று மைக்கில் பேசியதை நீங்கள் பார்த்திருக்கலாம். நிறையப் பேர் பார்த்தார்கள். வெள்ளைச் சட்டை, மூக்குக் கண்ணாடி, கக்கத்தில் மடித்த குடை. அந்தக் கிழவன் நான்தான். அந்த வீடியோ ஒரு நிமிஷம்கூட ஓடாது. அதற்கு முன்னும் பின்னும் நடந்ததை இங்கே எழுதுகிறேன்.

நான் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். மயிலாப்பூரில் கடற்கரையை ஒட்டிய கத்தோலிக்கப் பங்கில் எங்கள் குடும்பம் பல தலைமுறையாக இருக்கிறது. பங்கில் பாதிப் பேர் ஆசிரியர்கள். என்னை இன்றும் கோயிலில் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். எங்களுக்கு ஒரே மகள். தரமணியில் ஒரு கம்பெனியில் விளம்பரங்களுக்கு கிராஃபிக்ஸ் செய்துகொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பிறகு, நல்ல வேலையை விட்டுவிட்டு, கூட இருந்த சிலரைச் சேர்த்துக்கொண்டு, நிலாவுக்குப் போகும் ஒரு பெண்ணைப் பற்றிப் படம் எடுத்தாள். அசோக் நகரில் அவள் குடியிருக்கும் வீட்டுக்குப் பின்னால் பூட்டிக்கிடந்த குடோன்தான் விண்கலம். ஊருக்கு வெளியே கைவிட்ட ஒரு கல்குவாரிதான் நிலா.

படம் ஒரு வெள்ளிக்கிழமை வெளியானது. தி. நகரிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஒரு தியேட்டர், அதில் இருப்பதிலேயே சின்ன அரங்கம், பகல் காட்சி மட்டும். கூட்டம் வராவிட்டால் இப்படிப்பட்ட படங்களை மறுநாளே தூக்கிவிட்டு வேறு படம் போட்டுவிடுவார்கள். மகளுக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வரை படம் அங்கே நிற்பதுதான். செல்போனில் படம் காட்டும் ஒரு கம்பெனியிலிருந்து ஒரு பெண்மணி ஞாயிறு அன்று வந்து, ஜனங்களோடு உட்கார்ந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அவர் எடுத்துக்கொண்டால் படம் பிழைக்கும். அதற்குள் தூக்கிவிட்டால், மூன்று வருஷமாக அவள் செய்ததெல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் கிடக்க வேண்டியதுதான்.

"வெள்ளிக்கிழமை நீங்க வர வேணாம்ப்பா" என்று மகள் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சி பங்குல எல்லாரும் வராங்க. அவங்களோட வாங்க."

ஞாயிறு காட்சிக்கு என் மனைவி பங்குக் குடும்பங்களிடம் சொல்லிச் சொல்லி, பாதி அரங்கத்தை நிரப்பிவைத்திருந்தாள். எனக்கு அதுதான் பயம். பாடகர் குழுப் பெண்களும், என்னிடம் படித்தவர்களும், என்னோடு வேலை பார்த்தவர்களும் உட்கார்ந்து பார்க்கப்போகிறார்கள். படம் எப்படி இருக்கும் என்று எனக்கு முன்னாலேயே தெரிந்தாக வேண்டும் என்று தோன்றியது. மகளுக்குத் துணையாக இருக்க வேண்டும் என்று நான் வெள்ளிக்கிழமை போகவில்லை. என் மானம் எந்த அளவுக்குப் போகும் என்று பார்க்கத்தான் போனேன். மனைவியிடம் வங்கிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

உள்ளே முப்பது நாற்பது பேர் இருந்திருப்பார்கள். விளக்கு அணைந்த பிறகுதான் நுழைந்தேன். மகள் எனக்கு இரண்டு வரிசை முன்னால் நண்பர்களோடு உட்கார்ந்திருந்தாள். அவள் தலை மட்டும் தெரிந்தது, தூக்கிக் கட்டிய கொண்டையோடு. என் பக்கத்தில் காக்கிச் சட்டை போட்ட ஆட்டோக்காரர் ஒருவர். வெயிலுக்கு ஏசியில் உட்காரலாம் என்று வந்தாராம். அவராகவே சொன்னார்.

படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. விண்கலத்தின் சுவர் முழுக்க முட்டை அட்டை, வெள்ளிப் பெயிண்ட் அடித்தது. பயணக் குழுத் தலைவர் உட்கார்ந்திருந்தது சலூன் நாற்காலி. அவர் விண்கலத்தைக் கிளப்ப ஒரு பொத்தானை அழுத்தினார். அது பழைய லிஃப்ட்டிலிருந்து கழற்றியது. 'ஜி' என்ற எழுத்து திரை முழுக்கத் தெரிந்தது.

"கிரவுண்ட் ஃப்ளோர் அமுக்கிட்டாருபா" என்றார் ஆட்டோக்காரர், எல்லோருக்கும் கேட்கும்படி. "அப்டியே எறங்கி வூட்டுக்குப் போய்ட்லாம்."

அரங்கமே சிரித்தது. நான் மகளின் தலையைப் பார்த்தேன். அது அசையவில்லை.

அதற்குப் பிறகு கூட்டத்தை நிறுத்த முடியவில்லை. விண்வெளியில் கலம் மிதக்கும் காட்சியில் எங்கோ குக்கர் விசில் அடித்தது. "மூணு விசில் வந்தா எறக்கிடுமா" என்று பின்னாலிருந்து ஒரு குரல். நிலாவில் கொடி படபடவென்று பறந்தது. அந்தப் பெண் பாறைமேல் நின்று பூமியைப் பார்த்துக் கண்கலங்கும் நேரத்தில், அவள் தலைக்குப் பின்னால், திரையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு, ஒரு காக்கை நிதானமாகப் பறந்து போனது.

 பிறகு ஆட்டோக்காரர், "நைனா, யாரோ சோறு வெச்சிகீறாங்கடா" என்றார்.

"இன்னிக்கு அமாவாசையா இன்னா?"

"நிலாவுலயே குந்திகினு அமாவாசை கேக்குறியே மச்சி!"

கை தட்டினார்கள். முன் நாற்காலியைத் தட்டினார்கள். நானும் சிரித்தேன். முதலில் வாயை மூடிக்கொண்டுதான் சிரித்தேன். இவர்கள் நடுவில் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தால் யார் என்று தெரிந்துவிடும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அடுத்ததாக நான் செய்ததற்கு அந்தக் காரணமும் கிடையாது.

தலைவர் நிலாவின்மேல் நின்றுகொண்டு, நெற்றி வியர்வையைத் துடைக்க ஹெல்மெட்டைக் கழற்றினார். நான் வகுப்பில் பேசும் குரலில், "இவருக்கு இன்னும் பதினைந்து விநாடிதான்" என்றேன்.

"பெர்சு சொல்லிட்டாரு! ஆளு காலி!" என்று ஆட்டோக்காரர் கத்தினார். எல்லோரும் சேர்ந்து எண்ண ஆரம்பித்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. தலைவர் சாகவில்லை. ஹெல்மெட் இல்லாமலே நீளமாக ஒரு வசனம் பேசினார். எண்ணிக்கை பதினைந்தைத் தாண்டியதும் விசில் பறந்தது. யாரோ பின்னாலிருந்து என் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள்.

அந்தத் தட்டு எனக்குப் பழக்கமானது. வேலையில் இருந்த காலமெல்லாம் பரீட்சைத் தாள்களைத் திருப்பித் தரும் நாளில் நான் ஒன்று செய்வேன். இருப்பதிலேயே மோசமான விடையை எடுத்து, பெயர் சொல்லாமல், வகுப்பில் சத்தமாகப் படிப்பேன். படிக்கும்போது நடுவே நிறுத்தி ஒரு வார்த்தை சேர்ப்பேன். அறுபது பேர் சிரிப்பார்கள். எழுதியவனும் சிரிப்பான், தன்னுடையது என்று தெரிந்துவிடக் கூடாதே என்று. என்னைப் பிரமாதமான ஆசிரியர் என்று சொன்னவர்களில் பலர் அந்தச் சிரிப்புக்காகச் சொன்னவர்கள். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு அது கிடைக்கவில்லை. அன்று அந்தக் குளிர்ந்த இருட்டில், இரண்டு வரிசைக்கு முன்னால் என் மகள் உட்கார்ந்திருக்க, எனக்கு அது திரும்பக் கிடைத்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். படப்பிடிப்பு தொடங்குமுன் அவள் முழுக் கதையையும் அச்செடுத்து என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள். "சயின்ஸ் தப்பு இருந்தா சொல்லுங்கப்பா." நான் முதல் சில பக்கங்களில் எழுத்துப்பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தினேன். அதற்குமேல் படிக்கவில்லை. விளையாட்டுத்தனம் என்று நினைத்தேன். ஒரு மாதம் மேஜைமேல் வைத்திருந்துவிட்டு, "பரவாயில்லை, எடு" என்று திருப்பிக் கொடுத்தேன். ஹெல்மெட்டைக் கழற்றுவது அதில் இருந்திருக்கும். கொடியும் இருந்திருக்கும்.

படம் முடிய இன்னும் இருபது நிமிஷம் இருக்கும்போது எழுந்தேன். விளக்கு போட்டால் அவள் திரும்பிப் பார்ப்பாள் என்ற பயம். ஆட்டோக்காரர் காலை மடக்கி வழி விட்டார். "இன்னா பெர்சு, கடசீல இன்னா ஆவுதுன்னு பாக்க வாணாவா?" என்றார். நான் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.

சென்னையில் வெள்ளிக்கிழமை படம் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதல் காட்சி முடியும் நேரத்தில் தியேட்டர் வாசலில் செல்போனும் மைக்குமாக நாலைந்து சேனல்காரர்கள் நிற்பார்கள். வெளியே வருகிறவர்களை மறித்து, படம் எப்படி என்று கேட்பார்கள். யாராவது ஏடாகூடமாகப் பேசினால் அவர்களுக்குக் கொண்டாட்டம். அன்று வெளியே வந்த முதல் ஆள் நான். அதிலும் வயதானவன்.

"சார், சார், படம் எப்படி சார் இருக்கு?"

ஒதுங்கிப் போயிருக்கலாம். குடையை விரித்திருந்தாலே போதும். ஆனால் மைக்கைச் சுற்றிப் பத்துப் பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நாற்பது வருஷம் ஃபிசிக்ஸ் சொல்லிக்கொடுத்தவன்பா நான்" என்று ஆரம்பித்தேன். "முப்பத்தஞ்சு வாங்கினா பாஸ். நிலாவுல காக்கா பறந்தா நான் மார்க்கே போட மாட்டேன். பேப்பரை அப்படியே மடிச்சி, இதை எழுதின பிள்ளையைக் கூப்பிட்டு, போய் உங்கப்பாவைக் கூட்டிட்டு வான்னு சொல்லுவேன்."

சுற்றி நின்றவர்கள் ஓ என்று கத்தினார்கள். மைக் வைத்திருந்த பையன் குனிந்து சிரித்தான். பிறகு நிமிர்ந்து, "இது ஒரு லேடி டைரக்டர் எடுத்தது சார். அவங்க யாருன்னு தெரியுமா?" என்றான்.

"தெரியாது" என்றேன்.

குடையை விரித்துக்கொண்டு நடந்தேன்.

சாயங்காலம் பெசன்ட் நகரிலிருந்து மனைவியின் தங்கை போன் செய்தாள். "அக்கா, அத்தான் செல்போன்ல வந்திருக்காரு! செம்மையா பேசுறாரு. எந்தப் படம்னுதான் தெரியல" என்று சிரித்திருக்கிறாள். தங்கை தியேட்டர் பெயரைச் சொன்னதும் என் மனைவிக்கு எந்தப் படம் என்று தெரிந்துவிட்டது. வீடியோவை ஒரு முறைதான் பார்த்தாள். போனைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்தாள்.

"பேங்க்குல கூட்டமா?" என்றாள்.

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"அவ பாத்திருப்பாளா?"

"தெரியலை."

"இதுவும் தெரியலையா?" என்றாள்.

அன்று மகளிடமிருந்து போன் வரவில்லை. நாங்களும் செய்யவில்லை. வீட்டில் ஒவ்வொரு முறை போன் சத்தம் போடும்போதும் இருவரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வந்ததெல்லாம் வேறு யாரோ. பழைய மாணவர்கள், கைதட்டும் படங்கள், சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வடிக்கும் முகங்கள். மறுநாள் காலைக்குள் யாரோ அந்தக் காக்கையை வெட்டி எடுத்து என் குரலோடு ஒட்டியிருந்தார்கள். காக்கை திரையைக் கடக்கும்போதெல்லாம் என் குரல், போய் உங்கப்பாவைக் கூட்டிட்டு வா என்றது. வீடியோவுக்குக் கீழே எழுதியிருந்ததை எல்லாம் படித்தேன். 'தாத்தா வேற லெவல்' என்று எழுதியிருந்தார்கள். அவளைப் பற்றி எழுதியிருந்ததை இங்கே எழுத மாட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் மகளே வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். அப்படி ஒருநாளும் நின்றதில்லை. என் மனைவி அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தாள். மகள் எனக்கு எதிரில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்தாள்.

"நேத்தே படத்தைத் தூக்கறதாதான் இருந்தாங்க" என்றாள். "நாப்பது பேர்தான் வந்திருந்தாங்க இல்ல. இன்னிக்கு ஹவுஸ்ஃபுல்ப்பா. நாளைக்கும் ஃபுல். காக்கா பாக்க வராங்க. உங்க டயலாக்கை எல்லாரும் சேந்து சொல்றாங்க."

அவள் குரலில் கோபம் இருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"அந்த சேனல் பையனைத் தேடிப் போறேன்" என்றேன். "நான்தான் உன்னோட அப்பான்னு மைக்லயே சொல்லிடறேன். மன்னிப்புக் கேட்டுடறேன்."

"வேணாம்."

"படத்துக்கும் நல்லதுதானேம்மா—"

"வேணாம்ப்பா. என்னைப் பத்தி இனிமே நீங்க எந்த மைக்லயும் பேசாதீங்க. நல்லதும் பேச வேணாம்." டம்ளரைக் கீழே வைத்தாள். "நீங்க உள்ள இருந்தது எனக்குத் தெரியும். இன்னும் பதினைஞ்சு விநாடின்னீங்களே. உங்க குரல் எனக்குத் தெரியாதா? அப்பவும் நான் திரும்பல. சரி, சிரிக்கறாரு, எல்லாரும்தான் சிரிக்கறாங்க, படம் அப்படித்தான் இருக்குன்னு உக்காந்திருந்தேன். ஜோக் அடிச்சது பரவால்ல. யார் எடுத்ததுன்னு தெரியுமான்னு அவன் கேட்டான். அதுக்கு ஏம்ப்பா தெரியாதுன்னீங்க?"

 

"அவருக்கு வெக்கம்டி" என்றாள் மனைவி.

"எனக்கும்தாம்மா வெக்கமா இருந்துச்சு. முட்டை அட்டைக்குப் பெயிண்ட் அடிச்சவளே நான். நான் எழுந்து ஓடலையே."

கிளம்பும்போது வாசலில் நின்று, "நாளைக்கு வாங்க. கடைசி வரைக்கும் உக்காருங்க. வாயை மட்டும் திறக்காதீங்க" என்றாள்.

ஞாயிறு காலை பூசைக்கு முன், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சின்ன வயதுச் சாமியார், புதிதாக வந்தவர். பொய் சொன்னேன், பெற்ற மகளைத் தெரியாது என்றேன் என்று சொன்னபோது, திரைக்கு அந்தப் பக்கம் அவர் மூச்சு நின்று திரும்ப வந்தது. அவரும் வீடியோவைப் பார்த்திருக்கிறார் என்று அதிலேயே தெரிந்தது. சில ஜெபங்களைச் சொல்லச் சொன்னார். அது எனக்குப் போதாது என்று பட்டது. பூசை முடிந்து வெளியே வந்தால், பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசிக்கும் நண்பர் என் முதுகில் ஓங்கி அடித்து, "மாஸ்டர், பின்னிட்டீங்க!" என்றார். அவர் மனைவி அவரை முறைத்துப் பார்த்தாள். மற்றவர்கள் தியேட்டருக்குப் போகும் வேன் வந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

தியேட்டரில் மூச்சுவிட இடமில்லை. பாதி எங்கள் பங்குக்காரர்கள், ஞாயிற்றுக்கிழமைப் பட்டுப்புடவையோடு. மீதிப் பாதி கல்லூரிப் பிள்ளைகள். சிலர் காகிதத்தில் காக்கை முகமூடி செய்து போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். கம்பெனிப் பெண்மணி நடு வரிசையில், தோள்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகள் அவரிடமிருந்து நாலு நாற்காலி தள்ளி. நான் என் மனைவிக்கும் ஒரு பையனுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன். விளக்கு அணையுமுன் அந்தப் பையன் என்னை உற்றுப் பார்த்தான்.

"டேய், தாத்தாடா! அந்தத் தாத்தாவே வந்திருக்காருடா!"

வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின. "தாத்தா, ஒரு வாட்டி சொல்லு தாத்தா! ஒரே வாட்டி!" செல்போன்கள் உயர்ந்தன. மனைவி என் மணிக்கட்டைப் பிடித்தாள். நான் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். "மூடு அவுட்டுபோல" என்று சொல்லிவிட்டு விட்டார்கள்.

லிஃப்ட் பொத்தானுக்குச் சிரித்தார்கள். குக்கர் விசிலை எல்லோரும் சேர்ந்து எண்ணினார்கள். தலைவர் ஹெல்மெட்டைக் கழற்றியபோது, பதினைந்து வரை எண்ணுவது இதற்குள் வழக்கமாகிவிட்டிருந்தது. காக்கை வந்தது. கல்லூரிப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே குரலில் நான் சொன்ன வாக்கியத்தைச் சொன்னார்கள். என் பங்குக்காரர்கள் யாரும் சொல்லவில்லை. ஆர்மோனியக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். கம்பெனிப் பெண்மணி சிரித்துக்கொண்டே செல்போனில் ஏதோ குறித்துக்கொண்டார். மகள் அன்றும் அசையவில்லை.

பிறகு நான் பார்க்காமல் எழுந்து வந்த பகுதி வந்தது.

மற்றவர்கள் எல்லோரும் இறந்துவிட்டார்கள். அந்தப் பெண் மட்டும் உடைந்த கலத்தில் தனியாக இருக்கிறாள். திரும்ப முடியாது என்று அவளுக்குத் தெரியும். பூமியில் வீட்டில் தனியாக இருக்கும் அப்பாவோடு ரேடியோவில் பேசுகிறாள். அவருக்கு அது தெரியாது. அவள் அவரிடம் தான் சாகப்போவதைச் சொல்லவில்லை. கேஸ் புத்தகம் எந்த டப்பாவுக்கு அடியில் இருக்கிறது என்று சொல்கிறாள். தண்ணீர் கேன் போடுகிறவர் நம்பர் ஃப்ரிட்ஜ்மேல் ஒட்டியிருக்கிறது, செவ்வாய்க்கிழமைக்குள் சொல்லாவிட்டால் வர மாட்டார் என்கிறாள். அப்பா எல்லாவற்றுக்கும் சரிம்மா, சரிம்மா என்கிறார். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜிலும் அந்த நம்பர் ஒட்டியிருக்கிறது. ஒட்டியவள் என் மகள்தான்.

அந்த அப்பா, "நீ எப்பம்மா வர?" என்று கேட்கிறார்.

அந்தப் பெண் பதில் சொல்லாமல் இருக்கிறாள். கேமரா அவள் முகத்தைவிட்டு நகரவில்லை.

"டயலாக் மறந்துட்டாடா!" என்றான் ஒருவன். சிரிப்பு. "யாராச்சும் எடுத்துக் குடுங்கடா!"

 நிலாவுக்கு ஒரு வார்த்தை போய்ச் சேர ஒரு விநாடிக்கு மேல் ஆகும், பதில் வர அதேபோல் இன்னொன்று. படத்தில் எல்லாமே தப்பாக இருக்க, இந்த ஒன்றைச் சரியாக எடுத்திருக்கிறாள். இந்த மடையர்களில் ஒருவனுக்கும் அது தெரியவில்லை. எழுந்து நின்று கத்த வேண்டும் என்று கால் துடித்தது. அந்தக் குரல் என்னிடம் இருந்தது. அரங்கம் முழுவதும் கேட்கும், எல்லோரும் அடங்குவார்கள், கம்பெனிப் பெண்மணியும் கேட்பார். நாற்காலிக் கையைப் பிடித்து எழப்போனேன். மனைவி மணிக்கட்டை விடவில்லை. "சொன்னாள்ல" என்றாள், காதோடு.

உட்கார்ந்தேன். அதைப்போல் கஷ்டமான ஒன்றை நான் செய்ததில்லை.

திரையில் அந்தப் பெண், "வரேம்ப்பா" என்றாள். அவ்வளவுதான், படம் முடிந்தது. சில பிள்ளைகள் காக்கைபோல் கரைந்தார்கள். சிலர் ஒன்றும் செய்யவில்லை. என் பக்கத்திலிருந்த பையன் முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, விளக்கு போட்ட பிறகும் உட்கார்ந்திருந்தான். என்ன நினைத்தான் என்று எனக்குத் தெரியாது.

வெளிக்கூடத்தில், பாப்கார்ன் விற்கும் இடத்தருகே, கம்பெனிப் பெண்மணி மகளோடு பேசிக்கொண்டிருந்தார். நாங்கள் தள்ளி நின்றோம். பேச்சு நீண்டது. மகள் ஒரு தரம் தலையை இல்லை என்று ஆட்டினாள். பெண்மணி கடிகாரத்தைப் பார்த்தார், கை கொடுத்தார், போனார்.

"என்ன சொன்னாங்க?" என்றாள் மனைவி.

"எடுத்துக்கறாங்களாம். பாத்து சிரிக்கற படம்னு போடுவாங்களாம். கடைசி ரேடியோ சீன் நீளமா இருக்கு, வெட்டிடலாம்னாங்க. வெட்ட முடியாதுன்னேன். நாளைக்குச் சொல்றேன்னு போயிட்டாங்க."

நான் சொல்லத் தவித்துக்கொண்டிருந்ததைச் சொன்னேன். "அந்த சீன்ல அவ பதில் சொல்றதுக்கு முன்னாடி விட்டியே இடைவெளி, அது ரொம்ப சரியா இருந்ததும்மா. சிக்னல் போய் வர ஆகிற நேரம். யாருக்கும் புரியலை."

மகள் என்னைப் பார்த்தாள். களைப்பாக இருந்தாள்.

"அதுக்கில்லப்பா. அந்தப் பொண்ணுக்கு நெஜமாவே வசனம் மறந்து போச்சு. பெருசா ஒண்ணு எழுதியிருந்தேன். அவ மறந்து முழிச்சா, அப்புறம் வாய்க்கு வந்ததைச் சொன்னா. அது நல்லா இருந்துச்சு, விட்டுட்டேன்."

கடைசி வரை உட்கார்ந்து பார்த்தும் நான் மார்க்தான் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த இடத்தில் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ்மேல் அவள் ஒட்டிய நம்பர் எனக்குக் கண்முன் நின்றது உண்மை. ஆனால் அவளிடம் சொன்னது அதை அல்ல. இப்போது சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் அவள் வாசலைப் பார்த்து நடந்தாள்.

வாசலில் சேனல் பையன்கள் நின்றார்கள். ஒருவன், வெள்ளிக்கிழமை என்னை மறித்தவன் அல்ல, வேறு ஒருவன், அவள் முன்னால் மைக்கை நீட்டினான். "அக்கா, படம் எப்படிக்கா? காக்கா பாத்தீங்களா?"

ஒதுங்கிப் போக இடம் இருந்தது. அவள் நின்றாள்.

"நான்தான்ப்பா அந்தப் படத்தை எடுத்தேன். கேளு."

பையன் திகைத்துப்போனான். பின்னாலிருந்தவர்கள் நெருங்கி வந்தார்கள். முகமூடிகளும் வந்தன. "அக்கா... அந்தக் காக்கா... வேணும்னே வெச்சீங்களா?"

"இல்ல. நிறைய காக்கா வந்துச்சு. எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல உக்காந்து அழிச்சேன். இது ஒண்ணு தப்பிச்சிடுச்சு."

சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அப்போதுதான் யாரோ என்னைக் கண்டுபிடித்து, "தாத்தா! தாத்தாவும் இங்கதான் இருக்காரு!" என்று கத்த, கேமரா என் பக்கம் திரும்பியது. மைக்கும் வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. பேசாமல் இருப்பதாக ஒத்துக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பின்னால் வந்து நிற்க மட்டும் செய்தேன். 

"இவரு உங்க படத்தைக் கிழிச்சாரே அக்கா. பாத்தீங்களா அந்த வீடியோ? இவரை உங்களுக்குத் தெரியுமா?"

அவள் உடனே பதில் சொல்லவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"எங்கப்பா" என்றாள். "அடுத்த கேள்வி கேளு."